கல்கத்தாவுக்குக் காடு காட்டிய தமிழர்

தமிழகத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர் பலர். அலுவலகங்களில் கணக்கெழுத வந்தோர் உண்டு. கல்லூரிகளில் கற்பிக்க வந்தோர் உண்டு. நம்மைப் போல் கற்க வந்தோரும் உண்டு. ஆனால் இந்நகரில் குடியேறாமலே, சென்னை மயிலாப்பூரில் தம் வீட்டில் அமர்ந்தவாறே, நாற்பத்தாறு ஆண்டுகள் இந்நகர மக்களுக்கு ஆசிரியராய் விளங்கிய தமிழர் ஒருவர் உண்டு. அவர் கற்பித்த பாடம் காடும் விலங்கும் பறவையும். அவருடைய வகுப்பறை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஒரு மூலை. அவர் பெயர் மா. கிருஷ்ணன்.

2001-ஆம் ஆண்டு முதல் இந்நகரின் பெயர் கொல்கத்தா. ஆயினும் கிருஷ்ணன் எழுதிய காலத்தில் அது கல்கத்தாவே. ஆதலின் அவர் கதையைச் சொல்லும்போது அப்பெயரையே ஆள்கிறேன். வயது முதிர்ந்த வங்க நண்பர் சிலரிடம் நான் அவர் பெயரைச் சொன்னபோது அவர்கள் முகம் மலர்ந்ததைக் கண்டிருக்கிறேன். நம் மாணவரிடம் சொன்னபோதோ, அவர் யார் என்ற வினாவே எழுந்தது. தமிழர் ஒருவரை வங்காளியர் நினைவில் வைத்திருக்க, தமிழராகிய நாம் அறியாமல் இருக்கலாமா? இவ்வினாவே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா. பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை இயற்றித் தமிழ் உரைநடை வரலாற்றில் நிலையான இடம் பெற்றவர் அவர். எட்டு மக்களில் கிருஷ்ணனே கடைக்குட்டி. உப்புத் துறையில் உத்தியோகம் பார்த்த மாதவையா, ஓய்வு பெற்றபின் குடும்பத்தோடு மயிலாப்பூரில் வாழ்ந்தார். அந்நாளில் மயிலாப்பூர் இன்றுபோல் கட்டடக் காடு அன்று. புதர்களும் தோப்புகளும் நிறைந்திருந்தன. நரிகள் ஊளையிட்டன. வெளிமான்களும் அப்பக்கத்தில் திரிந்தன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தான். பள்ளிப் பாடத்தைக் காட்டிலும் அக்கீரி அவனுக்கு மிகுதியாகக் கற்பித்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

1925-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அக்குடும்பத்தின்மீது இடி விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் அவையில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று வாதாடிப் பேசி அமர்ந்த மாதவையா, அங்கேயே உயிர் நீத்தார். பல்கலைக்கழக அவையில் தமிழுக்காகப் பேசி, அவ்விடத்திலேயே மறைந்த ஒருவரின் மகன் என்பதை, பல்கலைக்கழகத் தமிழ் மாணவராகிய நாம் மறக்கலாகாது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பின், சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்குத் தாவரவியல் பேராசிரியராக இருந்த பைசன் என்னும் ஆங்கிலேயர், தென்னாட்டு மலைச் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் இயற்றியவர். அவர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும்போது கிருஷ்ணனையும் உடன் அழைத்துச் செல்வார். பேராசிரியரிடம் செடியை நுணுகிப் பார்க்கக் கற்றார். பேராசிரியரின் மனைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் தீட்டக் கற்றார். பார்த்தல், வரைதல், பெயர் அறிதல் ஆகிய மூன்றும் ஒன்றே என்னும் உண்மை அவருக்கு அங்கே விளங்கியிருக்க வேண்டும். ஓர் இலையை வரைய வேண்டுமானால், அதன் விளிம்பு நேரானதா, பல் பல்லாக வெட்டுண்டதா என்று பார்த்தே தீரவேண்டும் அல்லவா?

பின்னர்ச் சட்டமும் படித்துப் பட்டம் பெற்றார். ஆனால் வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் ஒட்டவில்லை. அவருடைய தமையனார் அனந்தநாராயணன் நீதித்துறையில் புகுந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். தம்பியோ அச்சகத்திலும் வானொலியிலும் சிறு சிறு வேலைகள் பார்த்து அலைந்தார். உற்றார் எவ்வளவு கவலையுற்றிருப்பர் என்று சொல்ல வேண்டுவதில்லை.

1942-இல் பெல்லாரிக்கு அருகேயுள்ள சந்தூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கு அவர் பார்க்காத வேலையில்லை. பள்ளி ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அதிகாரியாக இருந்தார், அரசரின் அரசியல் செயலாளராகவும் இருந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார், புறா வளர்த்தார். ஓய்ந்த நேரமெல்லாம் சந்தூரின் குன்றுகளிலும் முட்காடுகளிலும் நடந்தார். 1949-இல் சந்தூர் இந்திய நாட்டோடு இணைந்தது. சமஸ்தானம் போயிற்று, சம்பளமும் போயிற்று. கிருஷ்ணனுக்கு அப்போது வயது முப்பத்தேழு. மனைவியோடும் மகனோடும் சென்னைக்குத் திரும்பினார்.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் பெரிய முடிவு வருகிறது. வேறு வேலை தேடியிருக்கலாம். சட்டப் பட்டம் கையில் இருந்தது. ஆனால் அவர் இனி எவரிடமும் பணிபுரிவதில்லை என்று துணிந்து, எழுத்தையும் நிழற்படத்தையும் மட்டுமே நம்பி வாழத் தொடங்கினார். இந்திய நாட்டில் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பற்றி எழுதியே ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற முடியும் என்று அக்காலத்தில் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். 1950-ஆம் ஆண்டில் ஸ்டேட்ஸ்மன் இதழ் அவருக்கு ஓர் இடம் அளித்தது. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கன்ட்ரி நோட்புக் என்னும் தலைப்பில் அவர் கட்டுரை வெளிவரும். பெரும்பாலும் அவரே வரைந்த ஓவியமோ, அவரே எடுத்த நிழற்படமோ உடன் இருக்கும். அன்று தொடங்கிய பணி அவர் மறையும் நாள்வரை நின்றதில்லை. கட்டுரைகள் ஆயிரத்துக்கும் மேல்.

எவற்றைப் பற்றி எழுதினார்? யானையைப் பற்றியும் புலியைப் பற்றியும் எழுதினார் என்பது வியப்பன்று. காக்கையைப் பற்றி எழுதினார். அணிலைப் பற்றி எழுதினார். ஓணானையும் பல்லியையும் ஆந்தையையும் பற்றி எழுதினார். சௌரங்கியில் டிராம் ஏறி அலுவலகம் போகும் ஒருவர் புலியைக் காணப் போவதில்லை. ஆனால் காக்கையைக் காணாத நாள் அவருக்கு இல்லை. அக்காக்கையை ஒரு நிமிடம் நின்று பார்க்கச் செய்துவிட்டால், காட்டின் வாயில் திறந்துவிட்டது என்பது கிருஷ்ணன் வழி. தந்தை படித்துவிட்டு மகனுக்குச் சொல்லலாம். தாய் சாளரத்தருகே குழந்தையை நிறுத்திக் காட்டலாம். பள்ளி செய்யத் தவறிய வேலையை வீடு செய்யலாம்.

பள்ளி தவறியது என்று நான் சொல்வது மிகையன்று. நம் கல்வி முறை நம் நாட்டு மரத்தையும் பறவையையும் நமக்குக் கற்பிப்பதில்லை என்பது கிருஷ்ணனின் நீங்காத மனக்குறை. வெளிநாட்டுப் பாடல்களில் வரும் பறவைகளின் பெயரைக் குழந்தை ஒப்பிக்கும். தன் வீட்டு முருங்கையில் வந்து உட்காரும் பறவையின் பெயரைக் கேட்டால் விழிக்கும். இதன் தீங்கு என்ன? பெயர் அறியாத ஒன்று மறைந்துபோனால், அது மறைந்தது என்பதையே நாம் அறிய மாட்டோம். தெருவில் பத்து வகைப் பறவைகள் இருந்து ஐந்தாகக் குறைந்தால், எல்லாவற்றையும் குருவி என்றே அழைப்பவனுக்கு எந்தக் குறையும் தோன்றாது. பாதுகாப்புச் சட்டங்கள் வேண்டும், காவலர் வேண்டும். ஆனால் அவற்றுக்கு முன்னே, இழந்ததை இழந்தோம் என்று உணரும் மக்கள் வேண்டும். கிருஷ்ணனின் வாழ்க்கைப் பணியின் சாரம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

மரங்களைப் பற்றி அவருக்கு உறுதியான கொள்கை ஒன்று இருந்தது. ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் மொழியிலும் கலையிலும் மட்டும் இல்லை. அதன் மண்ணில் தாமே தோன்றி வளரும் மரம் செடிகளிலும், அவற்றை நம்பி வாழும் உயிர்களிலும் இருக்கிறது என்று அவர் நம்பினார். சாலையோரங்களில் அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் கடிந்தார். குல்மோகர் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது; தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆலும் அரசும் வேம்பும் புங்கும் இலுப்பையும் இருக்க, இவை எதற்கு என்பது அவர் கேள்வி. இங்கே மாணவர் அறிய வேண்டிய ஓர் உண்மை உண்டு. ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டு வளர்த்தால் அது தோட்டமே ஒழியக் காடு ஆகாது. காட்டில் பெருமரமும் உண்டு, சிறுமரமும் உண்டு, கொடியும் புதரும் புல்லும் உண்டு, பட்டுப்போய் நிற்கும் மரமும் உண்டு. பட்ட மரத்தின் பொந்தில் கிளி குஞ்சு பொரிக்கும். அம்மரத்தை வெட்டி, அவ்விடத்தில் பத்துக் கன்றுகளை நட்டுவிட்டோம் என்று பெருமை பேசினால், கிளிக்கு வீடு கிடைக்குமா?

இப்பாடத்தை அவர் வீட்டிலிருந்து மட்டும் சொன்னார் என்று எண்ணிவிட வேண்டா. நேருவின் பெயரால் அமைந்த ஆராய்ச்சி உதவியைப் பெற்றுத் தென்னிந்தியக் காடுகளில் பெருவிலங்குகளின் நிலையை ஆராய்ந்தார். 1959 முதல் 1970 வரை அவர் கண்டவற்றைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் நூலாக வெளியிட்டது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்து அரசுக்கு ஆலோசனை கூறினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவர் எடுத்த படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்களே. பல்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்தி ஒரு பெரிய காமிராவை அமைத்து, அதற்கு வேடிக்கையாக சூப்பர் பாண்டரோசா என்று பெயரிட்டிருந்தார். விலை உயர்ந்த கருவி இல்லாததால் என்னால் ஒன்றும் செய்ய இயலவில்லை என்று சொல்லும் நம் போன்றோர்க்கு அக்காமிரா நல்ல விடை.

தமிழை அவர் மறந்தாரோ என்று சிலர் கேட்கலாம். மறக்கவில்லை. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் பறவைகளைப் பற்றி அவர் எழுதினார். வேடந்தாங்கலைப் பற்றி வனத்துறைக்காகத் தமிழில் ஒரு சிறு நூல் எழுதினார். பறவைகளைக் காணக் குடும்பத்தோடு வரும் மக்கள், காண்பது இன்னதென அறிந்து செல்ல வேண்டும் அல்லவா? சிதறிக் கிடந்த அவருடைய தமிழ்க் கட்டுரைகளை அவர் மறைவுக்குப் பின் தியடோர் பாஸ்கரன் திரட்டி, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலாகத் தந்தார். பறவைகளும் வேடந்தாங்கலும் என்ற மற்றொரு தொகுப்பைப் பெருமாள்முருகன் தந்தார். தந்தை எந்த மொழிக்காகப் பேசி மறைந்தாரோ, அம்மொழிக்கு மகன் தன் கடனைச் செலுத்தியே சென்றார்.

வேடந்தாங்கலின் வரலாறு ஒவ்வொரு பள்ளிச் சிறுவனும் அறிய வேண்டுவது. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் ஊர் ஏரி அது. அரசு காப்பதற்கு முன்பே ஊர் மக்கள் அதைக் காத்தனர். பறவைகளைச் சுடவந்தோரை அவர்கள் தடுத்தனர். அவர்கள் முறையிட, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அவ்வுரிமையை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். மக்கள் ஏன் காத்தனர்? இரக்கம் ஒரு காரணம்; பயனும் ஒரு காரணம். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். அவற்றின் எச்சம் நீரில் விழும். அந்நீர் வயலுக்குப் பாயும்போது உரமும் உடன் பாயும். பறவை உழவனுக்கு உதவுகிறது. உழவன் பறவையைக் காக்கிறான்.

கல்கத்தாவிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. நகரின் கிழக்கே பன்னீராயிரத்து ஐந்நூறு ஹெக்டேர் பரப்பில் நீர்நிலைகளும் வயல்களும் விரிந்து கிடக்கின்றன. நகரத்தின் கழிவுநீர் கால்வாய் வழியே அங்குள்ள குளங்களுக்குச் செல்கிறது. வெயிலும் பாசியும் நுண்ணுயிரும் அதைத் தூய்மை செய்கின்றன. அதில் மீன் வளர்கிறது. அருகில் காய்கறி விளைகிறது. 2002-ஆம் ஆண்டில் இது உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நாம் உண்ணும் மீன்குழம்பு இந்த ஏரிகளின் கொடையாக இருக்கலாம். ஆயினும் இந்நிலத்தின் ஓரங்கள் மனைகளாகி வருகின்றன. இன்று மாடிவீடுகள் நிறைந்த சால்ட் லேக் பகுதி, 1960-களில் சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்பி உண்டாக்கியதே. ஏரி நிரம்பிய இடத்தில் வீடு நிரம்பினால், பறவை எங்கே இறங்கும்? மழைநீர் எங்கே போகும்?

சென்ற மார்கழியில் நண்பர் சிலரும் நானும், லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சிலரை அவர்தம் வீட்டாரோடு சாந்த்ராகாச்சிக்கு அழைத்துச் சென்றோம். ஊரிலிருந்து வரும் ரயில் ஹௌராவை அடையுமுன் கடக்கும் நிலையந்தான் அது. நிலையத்தை ஒட்டியே ஏரி இருக்கிறது. ஆகாயத்தாமரைத் திட்டுகளின்மீது பழுப்பு நிறப் பறவைகள் நெருங்கி அமர்ந்திருந்தன. திடீரென ஒரு கூட்டம் எழுந்து சீழ்க்கை ஒலியோடு வட்டமிட்டது. எல்லாம் சைபீரியாவிலிருந்து வந்தவையா என்று ஒரு சிறுமி கேட்டாள். இல்லை என்றேன். சீழ்க்கைச் சிறகி நம் நாட்டுப் பறவையே. நீருக்கும் இரைக்கும் ஏற்ப நாட்டுக்குள்ளே இடம் மாறுவது அது. இமயத்திற்கு அப்பாலிருந்து வருபவை அக்கூட்டத்தில் கலந்திருக்கும் ஊசிவால் வாத்து போன்ற சில. வடக்கே ஏரிகள் உறைந்துபோகும். இரை பனிக்கடியில் மறையும். பகல் குறுகுவதை உணர்ந்தே அவை புறப்பட்டுவிடும். பெரும்பாலும் இரவில் பறக்கும். வழி காட்ட விண்மீன்கள் உண்டு. நம் விடுதி முற்றத்தில் குளிர்காலத்தில் ஓடித் திரியும் வாலாட்டிக் குருவிகூட அத்தகைய வழிப்போக்கனே. அதன் எடை இருபது கிராம் அளவே. இவற்றைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகளின் கண்கள் அகன்றன.

ஆனால் அன்றைய சிறந்த ஆசிரியர் நானல்லேன். உடன் வந்த ஒரு பாட்டியார், இதுதானா, இது தாரா அல்லவா, எங்கள் ஊர் ஏரியில் மழைக்குப் பிறகு கூட்டம் கூட்டமாய் வருமே என்றார். அதன்பின் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டனர். கருவேல மரத்தில் கொக்கு கூடு கட்டியது, நாரை நத்தையைக் குத்தி எடுத்தது என்று அவர் நினைவுகள் ஊற்றெடுத்தன. அவர் பேரனுக்கு அவை புதுமை. பாட்டிக்கு இவ்வளவு தெரியும் என்பதையே அவன் அன்றுதான் அறிந்தான். ஒரு தலைமுறையில் அறிந்திருந்த பெயர்கள் மறு தலைமுறையில் மறைய எவ்வளவு சிறிது காலம் போதும்! கன்னியாகுமரியில் நீராடி வடதிசைக்கு மீளும் நாரையைத் தூது விடுத்த சத்திமுத்தப் புலவர் வாழ்ந்த மொழி நம் மொழி. பறவை வலசை போவதைப் புத்தகம் பார்த்து அறிந்தவர் அல்லர் அவர்.

கிருஷ்ணனும் தம் வீட்டையே கடைசிப் பள்ளியாகக் கொண்டார். தம் பேத்திக்காக ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கைத் தேர்ந்து, வேடிக்கைப் பாட்டும் படமுமாக ஒரு சுவடியை ஆக்கினார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் அது நூலாக வெளிவந்தது. உலகறிந்த அறிஞர் ஒருவர், ஒரே ஒரு குழந்தைக்காகப் புத்தகம் எழுதுவதை வீண் வேலை என்று கருதவில்லை.

1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணன் மறைந்தார். அன்றைய ஸ்டேட்ஸ்மன் இதழில் அவர் கட்டுரை வழக்கம்போல் வெளிவந்தது. எண்பத்து மூன்று வயது ஆசிரியர், இறுதி நாளிலும் தம் வகுப்புக்குத் தவறாமல் வந்துவிட்டே சென்றார்.

மாணவ நண்பர்களே! 2020-ஆம் ஆண்டு மே திங்களில் அம்பன் புயல் இந்நகரைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கடலுக்கும் நமக்கும் இடையே சுந்தரவனத்தின் அலையாத்திக் காடு நின்று காற்றின் வேகத்தையும் அலையின் வேகத்தையும் தணிக்கிறது. அக்காடு இல்லையேல் கல்கத்தாவின் கதி என்ன ஆகும்? காட்டைக் காப்பது காட்டுவாசியின் வேலை என்று நகரத்தார் இருந்துவிட முடியாது.

நாம் பெரிய இயக்கம் தொடங்க வேண்டுவதில்லை. குளிர்கால ஞாயிறு ஒன்றில் அண்டை வீட்டுக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ரவீந்திர சரோவருக்குப் போவோம். சிவ்பூர் தாவரத் தோட்டத்திற்குப் போய் அங்குள்ள இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆலமரத்தின் விழுதுகளிடையே நடப்போம். குழந்தை கேட்கும் பறவையின் பெயர் தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால் ஒரு தாளில் வரையச் சொல்வோம். வீட்டுக்குத் திரும்பிப் பாட்டியைக் கேட்கச் சொல்வோம். தமிழ்ப் பெயரும் வங்கப் பெயரும் அருகருகே அத்தாளில் ஏறட்டும். மயிலாப்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு நாற்பத்தாறு ஆண்டுகள் பாடம் சொன்ன பெரியாருக்குக் கல்கத்தாவில் கற்கும் தமிழ் மாணவர் செலுத்தத்தக்க நன்றி அதுவே.